இடது பக்கத்துப் பின்

பன்னிரண்டே முக்கால் அங்குலம். லோவெல் மூன்றாவது தடவை அளந்தபோதும் டேப் அதையேதான் காட்டியது. ஜீப் சமதளத்தில் நிற்கிறதா, நாலு டயரிலும் காற்று ஒரே அளவா, எல்லாம் பார்த்தாயிற்று. கராஜின் சிமென்ட் தரை முதுகில் சில்லிட்டது. ஐம்பத்தெட்டு வயதில், சனிக்கிழமை காலையில், வண்டிக்கு அடியில் மல்லாந்து கிடந்துகொண்டு, மாறாத எண் மாறுமா என்று பார்க்கிறவனுக்கு வேறு ஏதோ பிரச்சினை என்று யாருக்கும் விளங்கும். அவனுக்கும் விளங்கியிருந்தது. அதனால்தான் நாலாவது தடவையும் அளந்தான்.

அந்த ஜீப்பைக் குளிர்காலம் முழுக்க உட்கார்ந்து மறுபடி கட்டியிருந்தான். புது முன்கண்ணாடி, வேறொரு வண்டியிலிருந்து எடுத்த கதவுகள், வலப்பக்கம் முழுக்கப் புதுத் தகடு. பாக்கி ஒரே ஒரு சாமான். முன் சக்கரங்கள் இரண்டுக்கும் நடுவே குறுக்காக ஓடும் ஸ்வே பார் என்கிற இரும்புத் தடியை அச்சோடு இணைக்கும் லிங்க், இடப்பக்கத்துக்கு ஒன்று வலப்பக்கத்துக்கு ஒன்று. அதன் நீளத்துக்குத்தான் அந்தப் பன்னிரண்டே முக்கால். தார் ரோட்டில் வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடாமல் பிடித்துக்கொள்வது அந்தத் தடிதான். பாறையில் ஏறும்போது அது இடைஞ்சல். ஒரு சக்கரம் மேட்டிலும் ஒன்று பள்ளத்திலும் தன் போக்கில் போக விடாது. அதனால் பாறைக்குப் போகிறவர்கள் கையால் கழற்றி மாட்டுகிற லிங்க் வைத்துக்கொள்வார்கள். பாறைப் பாதை தொடங்கும் இடத்தில் கழற்ற வேண்டும், முடியும் இடத்தில் மாட்ட வேண்டும். இவ்வளவுதான் சமாசாரம். இதில் எதை வாங்குவது என்றுதான் மூன்று மாதமாக அவன் இருப்புக்கொள்ளாமல் அலைந்துகொண்டிருந்தான். பின் என்கிற இரும்பு ஊசியைச் செருகும் மாடலா, கைப்பிடியைத் திருகும் மாடலா, லிங்க்கைத் தொடவே வேண்டாத மோட்டார் மாடலா? இணையத்தில் யார் யாரோ எழுதிய சண்டைகளையெல்லாம் படித்தான். காலையில் ஒன்றை முடிவு செய்வான். வாய்க்கால் கம்பெனி வேலைக்குப் போய் ரெண்டு மதகைத் திறப்பதற்குள் மனசு மாறிவிடும்.

"லோவெல், இந்தப் பேனா எழுத மாட்டேங்குது."

மனைவி ரோண்டாவின் செருப்பு இரண்டும் வண்டிக்குப் பக்கத்தில் வந்து நின்றன. அவன் சறுக்கிக்கொண்டு வெளியே வந்தான். அவள் கையில் பள்ளி நிர்வாகத்தின் காகிதம். இருபத்திரண்டு வருடம் மஞ்சள் பஸ் ஓட்டியவள். போன மே மாத விபத்துக்குப் பிறகு பஸ் ஷெட்டில் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து ரேடியோவில் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறாள். தோளெலும்பு கூடும்வரை என்றுதான் ஏற்பாடு. எலும்பு ஆகஸ்டிலேயே கூடிவிட்டது. அடுத்த வருடத்துக்கு பஸ்ஸா மேஜையா என்று இப்போது எழுதிக் கொடுக்க வேண்டும். மேஜை என்று எழுதினால் அவளுடைய வழித்தடம் வேறு ஆளுக்குப் போய்விடும்.

"திங்கக்கிழமை கொடுக்கணும். மேஜைன்னே போட்டுடறேன். வேற பேனா இருக்கா?"

"இல்ல."

"உன் சட்டைப் பையில இருக்கிறது என்ன, பீன்ஸா?"

"மை தீந்துபோச்சு." அவன் பையை மூடிக்கொண்டான். "இன்னும் ரெண்டு நாள் இருக்கே. என்ன அவசரம்?"

"ரெண்டு நாள்ல எனக்குப் புது மூளையா முளைக்கப் போகுது? ஒரு பின்னைப் போட மறந்தவகிட்ட நாப்பது குழந்தைங்களைக் குடுப்பாங்களா? குடுத்தாலும் நான் வாங்க மாட்டேன்."

சாதாரணமாகத்தான் சொன்னாள். மழை வரும்போல இருக்கிறது என்கிற மாதிரி. அவள் வீட்டுக்குள் போனதும் லோவெல் டேப்பைச் சுருட்டினான், விரித்தான், மறுபடி சுருட்டினான்.

அவள் எதையும் மறக்கவில்லை. மறந்தவன் அவன்.

அவர்களுடைய ஜீப் கிளப்பில் ஒரு வழக்கம் உண்டு. கழற்றியதை மாட்டும்போது ஓட்டுகிறவர் இடப்பக்கம், கூட வந்தவர் வலப்பக்கம். பின் உள்ளே போனதும் "இடது!" என்று ஒருவர், "வலது!" என்று மற்றவர் கத்த வேண்டும். விபத்து நடந்த அன்று பாறைப் பாதை முடிந்த இடத்தில் ஒரே புழுதிக்காற்று. லிங்க்கின் கீழ்முனைக் கண்ணை அச்சில் இருக்கும் முளையில் மாட்டிப் பின் போட வேண்டும். இடது பக்கக் கண் முளைக்கு அரை அங்குலம் தள்ளி நின்றது. வண்டியை ஒரு அடி முன்னால் உருட்டினால் சரியாகிவிடும். அது பழகிப்போன விஷயம் என்பதால் "இடது!" என்று முதலிலேயே கத்திவிட்டு, உருட்டும்போது சக்கரத்தில் மாட்டாதபடி லிங்க்கை மறுபடி பட்டையால் தூக்கிக் கட்டி எழுந்தான். அதற்குள் பக்கத்து வண்டிக்காரன் காற்றடிக்கும் குழாயைக் கேட்டான். குழாய் கொடுத்தான், நாலு வார்த்தை பேசினான், ஏறி உட்கார்ந்தான், கிளம்பிவிட்டான். ரோண்டா அந்தப் பக்கம் மகளோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள். அவள் "வலது!" என்று கத்தவில்லை. அவனும் கேட்கவில்லை. ஒரு பக்கம் மாட்டாவிட்டால் அந்தத் தடி இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான். நாற்பது நிமிடம் கழித்து நெடுஞ்சாலையில் ஒரு மான் குறுக்கே வந்தது. ஸ்டியரிங்கை ஒடித்தான். ஜீப் வலப்பக்கமாகச் சாய்ந்தது, சாய்ந்தபடியே பள்ளத்தில் படுத்துவிட்டது. மேலே இருந்த இடப்பக்கத்தின் வழியாக அவன் ஏறி வெளியே வந்தபோது முதலில் கண்ணில் பட்டது அந்த லிங்க்தான். பட்டையால் தூக்கிக் கட்டியது, கட்டியபடியே இருந்தது.

ஆஸ்பத்திரியில் ரோண்டா முதலில் கேட்டது, "நான் பின்னைப் போட்ட ஞாபகமே இல்லை லோவெல். நான்தானே?" என்று. அவன் அவள் நெற்றியைத் தடவி, "அதை விடு இப்போ" என்றான். அந்த நேரத்தில் அது ஆறுதல் வார்த்தை மாதிரிதான் இருந்தது. மறுநாள் உடைந்த வண்டிகளைப் போட்டு வைக்கும் யார்டுக்குப் போய்ப் பார்த்தான். வலது பக்க லிங்க் வளைந்திருந்தது. அதில் பின் போட்டபடியே இருந்தது. அன்று சாயங்காலம் சொல்லியிருக்கலாம். வீட்டுக்கு வந்ததும் சொல்லியிருக்கலாம். ஒரு வாரம் போனது, பிறகு ஒரு மாதம் போனது. பிறகு, ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்பது தனிக் குற்றமாக வளர்ந்து, முதல் குற்றத்தைவிடப் பெரிதாக நின்றது.

அவன் பிக்கப்பை எடுத்துக்கொண்டு மெர்லுடைய கடைக்குப் போனான். வீட்டில் இருக்க முடியவில்லை, அதுதான் காரணம்.

"வாய்யா, வாய்க்கால் ராஜா!" மெர்ல் கவுண்டருக்குப் பின்னால் பச்சை மிளகாய் பரிட்டோவைத் தின்றுகொண்டிருந்தான். கிளப்பில் பாதிப் பேருக்கு உதிரிபாகம் விற்கிறவன். "இன்னிக்காவது வாங்கப் போறியா, இல்ல இன்னிக்கும் தடவிப் பாத்துட்டுப் போகப் போறியா?"

"பன்னிரண்டே முக்கால்."

"அதைத்தான் கிறிஸ்மஸுக்கு முன்னாடியும் சொன்னே. ஜீப்பு வளருமான்னு பாத்துட்டு இருக்கியா?" மெர்ல் கையைத் துடைத்துக்கொண்டு இரண்டு பெட்டிகளைக் கவுண்டரில் வைத்தான். ஒன்று சின்னது, பின் மாடல். இன்னொன்று தூக்கவே ரெண்டு கை வேண்டும். "நான் சொல்றேனேன்னு தப்பா எடுத்துக்காத. மோட்டாரை எடு. பட்டனை அமுக்கினா கழண்டுக்கும், ஸ்பீடு கூடினா அதுவா சேந்துக்கும். ரோண்டா மறந்தாலும் ஒண்ணும் ஆகாது."

லோவெல் பெட்டி மேலே எழுதியிருந்ததைப் படிக்கிற மாதிரி நின்றான். "ரோண்டா மறந்தாள்னு யார் சொன்னா?"

"அவதான். கிறிஸ்மஸ் விருந்தன்னிக்கு என் பொண்டாட்டி தோள்ல சாஞ்சு அழுதா. பாவம்யா. நாங்க யாரும் அதை வச்சு அவளைக் குறைவா நினைக்கல, யாருக்கும் நடக்கிறதுதான்." மெர்ல் குரலைத் தணித்தான். "நீ அவளை ஒரு வார்த்தைகூடச் சொன்னதில்லையாமே. லோவெலைப் பாரு, தங்கமான மனுஷன்னு சொல்லிச் சொல்லியே என் பொண்டாட்டி என் உயிரை வாங்கறா."

வாயைத் திறந்தால் சொல்லிவிடலாம். மெர்லிடம் சொல்வதுகூட எளிதுதான். லோவெல் சின்னப் பெட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். காதெல்லாம் சூடாகிவிட்டது. தங்கமான மனுஷன்! இத்தனை பேருக்கு நடுவே அவள் தலைகுனிந்து நடந்திருக்கிறாள், அவன் மன்னிப்புக் கொடுத்த புண்ணியவானாக உலா வந்திருக்கிறான்.

"ரெண்டையும் எடுத்துட்டுப் போ," என்றான் மெர்ல். "மாட்டிப் பாரு, வேணாததைத் திருப்பிக் குடு. உன்னை இந்த வாசல்ல மறுபடி மறுபடி பாக்க எனக்குத் தெம்பில்ல."

வீட்டுக்கு வந்தபோது வெயில் உச்சிக்கு வந்திருந்தது. ரோண்டா கராஜ் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். பத்து மாதமாக அந்த ஜீப்புக்குப் பக்கத்தில் அவள் உட்கார்ந்ததில்லை. காகிதம் மடியில் மடித்து இருந்தது. கையெழுத்துப் போட்டுவிட்டாளா என்று அவனால் பார்க்க முடியவில்லை, கேட்கவும் முடியவில்லை. அவள் எழுந்து வந்து இரண்டு பெட்டிகளையும் திறந்து பார்த்தாள்.

"மோட்டாரே போடு. என்னை நம்பாத சாமான்தான் இந்த வீட்டுக்கு நல்லது."

அவன் பின் மாடலை எடுத்தான். "இதை முதல்ல பாத்துடலாம். கொஞ்சம் ஒத்தாசை பண்றியா?"

வலது பக்கத்தை அவனே மாட்டினான். ஒரு தட்டுத் தட்டியதும் உட்கார்ந்தது. பின்னைப் போட்டுவிட்டு இடப்பக்கம் போய்ப் படுத்தான். இங்கே லிங்க்கின் புது ரப்பர் விறைத்துக்கொண்டதால் கண் முளையோடு சேரவில்லை. அரை அங்குலம். அவன் சொல்லாமலேயே ரோண்டாவுக்குத் தெரிந்தது. முன் பம்பரில் ஏறி நின்று, தோளைப் பார்த்துப் பதமாக, முழங்காலை மடக்கி மடக்கி அமுக்கினாள். வண்டி இறங்கி ஏறியது. கண் முளையை நெருங்கியது, விலகியது, நெருங்கியது. இன்னொரு அமுக்கு அமுக்கினால் போதும்.

"இடது!" என்றான் லோவெல்.

சொல்ல நினைத்துச் சொன்னதில்லை. பழகின வாய், தானே சொல்லிவிட்டது. மேலே அமுக்குவது நின்றது. ரோண்டாவின் கால்கள் பம்பரிலிருந்து தரையில் இறங்கின. அந்தப் பின் இன்னும் அவன் கையில்தான் இருந்தது.

"மறுபடி ஏறு," என்றான். "இன்னும் போடல."

"போடாம எதுக்குக் கத்தினே?"

தலைக்கு மேலே கறுப்பாக எண்ணெய்ச் சட்டி, அதற்கு அப்பால் ஒரு கீற்று வெளிச்சம், அதில் அவள் செருப்புகள்.

"அன்னிக்கும் இப்படித்தான் கத்தினேன்."

தெருவில் யாரோ புல்வெட்டும் இயந்திரத்தை இழுத்து இழுத்து ஸ்டார்ட் செய்து பார்த்தார்கள். அது கிளம்பவில்லை.

"என் பக்கம்?" என்றாள் கடைசியில்.

"போட்டிருந்தே. யார்டுல பாத்தேன். லிங்க் வளைஞ்சு கிடந்தது, பின் அப்படியே இருந்தது. போனைத் தோள்ல இடுக்கிட்டே போட்டிருக்கே, அதான் உனக்கு ஞாபகம் இல்ல."

"எப்போ பாத்தே?"

"மறுநாள்."

"மறுநாள்." அவள் அதைத் திருப்பிச் சொல்லிப் பார்த்தாள். "வெளிய வா லோவெல். ஜீப்போட வயித்துக்கிட்ட சொன்னதை என் மூஞ்சியைப் பாத்துச் சொல்லு."

அவன் வெளியே வந்தான். எழுந்து நின்று, முழங்காலில் ஒட்டிய தூசியைக்கூடத் தட்டாமல், எல்லாவற்றையும் முதலிலிருந்து சொன்னான். குழாய் கேட்டவன் பெயர்வரை சொன்னான். அவள் முகம் ஏதோ தொலைதூரக் கணக்கைப் போட்டுக்கொண்டிருந்தது.

"ராத்திரி எழுந்து எழுந்து போய் அடுப்பை அணைச்சேனான்னு பாப்பேன்," என்றாள். "மூணு தடவை, நாலு தடவை. என் கையையே நான் நம்பல. இருபத்திரண்டு வருஷம், ஒரு டிரிப் விடாம, குழந்தை எதாவது தூங்கிட்டு இருக்கான்னு கடைசி சீட்டு வரைக்கும் நடந்து பாத்தவ நான். நீ படுக்கையில முழிச்சுக்கிட்டுதான் இருப்பே. எனக்குத் தெரியும். நான் அடுப்பைத் தடவிட்டு வர்றதைக் கேட்டுட்டே படுத்திருந்தியா?"

"ஆமா," என்றான்.

"சாவி எங்க?"

"ரோண்டா, இடது பக்கம் இன்னும்..."

"எந்தப் பக்கம் போடலன்னு எனக்கு இப்போ தெரியும்," என்றாள்.

சாவி வண்டியிலேயேதான் இருந்தது. அவள் ஏறி உட்கார்ந்து ஸீட்டை முன்னால் இழுத்துக்கொண்டாள், கண்ணாடிகளைத் திருப்பினாள். "பொறு, அதைக் கட்டிடறேன், சக்கரத்துல மாட்டிக்கும்" என்று லோவெல் மறுபடி தரையில் படுத்து, தொங்கிய லிங்க்கைப் பட்டையால் தூக்கிக் கட்டினான். முடிச்சு இரண்டு தடவை நழுவியது. அவள் பொறுத்திருந்தாள். அவன் ஒதுங்கி எழுந்த பிறகுதான் வண்டியை எடுத்தாள். காகிதம் அவளோடு போய்விட்டது.

தெருவில் ஜீப் நிதானமாகப் போனது. முதல் திருப்பத்தில் உடம்பு முழுக்க ஒரு பக்கமாகச் சாய்ந்து நிமிர்ந்தபோது அவன் தெரு நடுவுக்கு வந்துவிட்டான். அவளோ ஸ்டியரிங்கை ஒரு துளிகூட அவசரப்படுத்தவில்லை. தெருமுனைக்கு அப்பால் ரயில் பாதை. கேட் திறந்திருந்தது, சிவப்பு விளக்கு இல்லை, மற்ற கார்கள் வேகத்தைக்கூடக் குறைக்காமல் கடந்துகொண்டிருந்தன. ஜீப் மட்டும் தண்டவாளத்துக்குப் பதினைந்து அடி முன்னால் நின்றது. பின்னால் வந்தவன் ஹாரன் அடித்தான். ஓட்டுநர் பக்கக் கதவு அகலத் திறந்தது. பள்ளி பஸ் ஓட்டுகிறவர்கள் எந்தத் தண்டவாளத்திலும் செய்தாக வேண்டிய மாதிரி, ரோண்டா கதவைத் திறந்து வைத்துக்கொண்டு இரண்டு பக்கமும் காது கொடுத்துக் கேட்டாள். மறுபடியும் ஹாரன். அவள் கேட்டு முடித்துவிட்டுத்தான் கதவைச் சாத்தினாள். ஜீப் இடமும் வலமுமாக ஆடி ஆடித் தண்டவாளத்தைக் கடந்தது. அங்கிருந்து இடது பக்கம் திரும்பினால் பஸ் ஷெட், வலது பக்கம் திரும்பினால் நெடுஞ்சாலை. நடுவில் ஒரு சரக்கு லாரி வந்து மறைத்துக்கொண்டது. லோவெல் பின்னைக் கையில் வைத்தபடி, அந்த லாரி நகர்வதற்காக எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றான்.