டிரம்கிரீவ் கிளப்பின் பாதித் தாள்

எங்கள் கிளப்பின் நூறு வருஷ வரலாற்றை எழுதும் வேலை என் தலையில் விழுந்ததற்கு ஒரே காரணம், அன்றைய கமிட்டிக் கூட்டத்துக்கு நான் பத்து நிமிஷம் தாமதமாகப் போனதுதான். நான் போய் நாற்காலியில் உட்காருவதற்குள் தீர்மானமே நிறைவேறியிருந்தது. "ரிட்டயர்டு டீச்சர், வீட்ல சும்மாதானே இருக்கே," என்றான் கஹால். அவன் என் தம்பி, கிளப்பின் தலைவரும் அவன்தான். நான் வீட்டில் சும்மா இருக்கிறேன் என்று அவனுக்கு யார் சொன்னார்களோ தெரியவில்லை.

உண்மையைச் சொன்னால் அயர்லாந்துக்கே உரிய, கையாலும் காலாலும் ஆடுகிற கேலிக் கால்பந்தாட்டத்துக்கான எங்கள் டிரம்கிரீவ் கிளப்பின் வரலாற்றை ஒரு தபால் கார்டில் எழுதிவிடலாம். 1924இல் ஆரம்பித்தார்கள். தோற்றார்கள். பாதி டீம் கப்பலேறி இங்கிலாந்துக்கு வேலைக்குப் போனது, மீதிப் பாதி இங்கேயே இருந்து தோற்றது. பக்கத்து ஊர் கிளப்போடு சேர்ந்துவிடுங்கள் என்று நாலு தடவை சொல்லிப் பார்த்தார்கள். நாலு தடவையும் மாட்டவே மாட்டோம் என்றோம். இந்த நூறு வருஷத்தில் நாங்கள் ஜெயித்த ஒரே கோப்பை 1958இன் லீட்ரிம் கவுன்டி ஜூனியர் கோப்பை. அதையும் ஒன்பதாம் நாள் திருப்பிக் கொடுத்துவிட்டோம்.

அந்தக் கதை எங்கள் ஊரில் பால் குடிக்கிற குழந்தைக்கும் தெரியும். இறுதி ஆட்டத்தில் அக்னாக்ளென்னை இரண்டு பாயின்ட்டில் வென்றோம். மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஊர் அது; எங்களுக்கும் அவர்களுக்கும் என்றைக்குமே ஆகாது. தோற்ற மறுநாளே அவர்கள் ஆட்டங்களை நடத்துகிற கவுன்டி போர்டுக்கு ஆட்சேபம் எழுதினார்கள். அந்தக் காலத்து விதிப்படி ஆட்டக்காரர் பட்டியலை ஐரிஷ் மொழியில் எழுதினால் மட்டும் போதாது, அயர்லாந்தில் செய்த தாளில் எழுத வேண்டும். தாளை வெளிச்சத்தில் பிடித்தால் உள்ளே அயர்லாந்தின் சின்னமான யாழ் வாட்டர்மார்க்காகத் தெரிய வேண்டும். போர்டு தலைவர் எங்கள் பட்டியலை விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்தார். ஒன்றும் தெரியவில்லை. கோப்பை மலை தாண்டிப் போய்விட்டது.

பட்டியலை எழுதியவர் அப்போது செயலாளராக இருந்த மலாக்கி கில்ரேன். இருபத்து மூன்று வயது. இங்கிலாந்துத் தாளில் எழுதித் தொலைத்தவன், ஊரின் ஒரே கோப்பையை ஒரு வெறும் தாளில் தொலைத்தவன் என்று அவருக்கு வெத்துத்தாள் மலாக்கி என்று பெயர் வைத்தார்கள். அன்றிலிருந்து அவர் மைதானத்துக்குள் காலெடுத்து வைக்கவில்லை. ஆனால் ஒரு ஆட்டத்தையும் விட்டதில்லை. மைதானத்தின் கல் சுவருக்கு வெளியே, சாலையோரம் நின்று, சுவர்மேல் இரண்டு முழங்கையையும் ஊன்றிக்கொண்டு பார்ப்பார். மழை பெய்தாலும் அங்கேதான். அறுபத்தாறு வருஷமாக அங்கேதான். நாங்கள் அதைப் பார்த்துப் பழகிவிட்டோம். எங்களைப் பற்றி நான் சொல்லக்கூடியதிலேயே மோசமானது அதுதான்.

நான் வரலாறு எழுதுகிறேன் என்று கேள்விப்பட்டதும் ஒரு நாள் திருப்பலி முடிந்து வெளியே வரும்போது அவர் என்னை நிறுத்தினார்.

"ஷான்லி வீட்டுப் பொண்ணுதானே நீ. புஸ்தகத்துல என் பேரைப் போடாதே."

"நீங்க செயலாளரா இருந்தீங்களே. எப்படிப் போடாம இருக்கிறது?"

"அந்த வருஷத்துக்கு ஒரு கோடு போட்டு விட்டுடு. எனக்கு எம்பத்தொம்பது வயசாச்சு. திரும்ப ஒரு தடவை எல்லாரும் உக்காந்து படிச்சுச் சிரிக்கணுமா?"

எனக்குச் சுருக்கென்றது. காரணம், எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையிலேயே அந்தப் பெயரைச் சொல்லிச் சிரித்திருக்கிறோம். என் அப்பா ஹூபர்ட் ஷான்லிதான் அந்த டீமின் கேப்டன். அவர் போய் இருபது வருஷமாகிறது. மைதானத்து கேட்டில் இரும்பு எழுத்தில் இருப்பது அவர் பெயர்தான்.

அம்மா போன குளிர்காலத்தில் இறந்தாள். புத்தகத்துக்குப் பழைய படம் ஏதாவது கிடைக்குமா என்று அவளுடைய பிஸ்கட் டப்பாவைக் குடைந்தபோது நாலாக மடித்த ஒரு கடிதம் வந்தது. அப்பாவின் கையெழுத்து. தேதி 12 அக்டோபர் 1958, இறுதி ஆட்டத்து ஞாயிற்றுக்கிழமை. "இமெல்டா, இன்று ஜெயித்தாலும் தோற்றாலும் ஏழு மணிக்குப் பாலத்துக்கு வா. உன் அண்ணனுக்குத் தெரிய வேண்டாம்." அவ்வளவுதான். அம்மா அக்னாக்ளென்காரி. அவளுடைய அண்ணன்தான் அந்த ஊர் டீமின் கேப்டன். எங்கள் ஆள் ஆட்டத்துக்கு முந்தியே எதிரி முகாமில் நூல் விட்டுக்கொண்டிருந்திருக்கிறார் என்று எனக்குச் சிரிப்பு வந்தது. படிக்க வெளிச்சம் போதாமல் ஜன்னல் பக்கம் திருப்பினேன். தாளின் நடுவில் யாழ் தெரிந்தது.

அது முழுத் தாள் இல்லை. மேல் விளிம்பு கையால் கிழித்தது.

கவுன்டி போர்டின் பழைய காகிதங்கள் இப்போது நூலகத்தில் இருக்கின்றன. அங்கே வேலை பார்க்கிற பெண் என்னிடம் மூன்றாம் வகுப்பு படித்தவள், இன்னமும் கொஞ்சம் பயப்படுகிறாள். அந்த 1958 பட்டியலை ஒரு வாரத்துக்கு எடுத்துப்போக விட்டாள். வீட்டுக்கு வந்து இரண்டையும் மேஜையில் வைத்தேன். பட்டியலின் கிழிந்த கீழ் விளிம்பும் கடிதத்தின் கிழிந்த மேல் விளிம்பும் ஒன்றோடொன்று பொருந்தின. பல்லுக்குப் பல் பொருந்தின.

அடுத்த நாள் இரண்டையும் எடுத்துக்கொண்டு மலாக்கி வீட்டுக்குப் போனேன். டீ போட்டார். ரொட்டியும் ஹாமும் எடுத்து வைத்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு மேஜையில் கிடந்ததைப் பார்த்தவர், கிழிந்த விளிம்பில் விரலை ஓட்டினார்.

"இது எங்கே கிடைச்சுது?"

"அம்மாவோட பிஸ்கட் டப்பாவுல."

"இமெல்டா இதை வச்சிருந்தாளா? எரிச்சிருப்பாள்னு நெனச்சேன்."

"நீங்கதான் கிழிச்சீங்களா?"

"நல்ல தாள் அது ஒண்ணுதான் இருந்துச்சு. காலைல வெளிச்சத்துல புடிச்சு யாழைப் பாத்துட்டுத்தான் பையில வச்சேன். கிரவுண்டுல ஹூபர்ட் வந்து, மலாக்கி, ஒரு பாதி குடுடான்னான். மடிச்சுக் கிழிச்சுக் குடுத்தேன். யாழு எந்தப் பாதியில போச்சுன்னு எவன் பாத்தான்? பூட்ஸ் பத்தலைன்னு நாலு பேர் என் உயிரை எடுத்துக்கிட்டிருந்தானுங்க."

"போர்டுல இதைச் சொல்லியிருக்கலாமே."

"சொல்லலாம். மிச்சப் பாதி எங்கேன்னு கேப்பாங்க. ஹூபர்ட் கிட்டன்னு சொன்னா, அவன் யாருக்குக் குடுத்தான்னு கேப்பாங்க. உங்க மாமன் அதே ரூம்ல எதிர்ல உக்காந்திருந்தான். தெரிஞ்சிருந்தா அந்த வாரமே உங்கம்மாவைக் கப்பல்ல ஏத்தி பாஸ்டனுக்கு அனுப்பியிருப்பான். ஹூபர்ட் பின்னால நின்னுக்கிட்டு அவன் ஷூவையே பாத்துக்கிட்டிருந்தான். சரி, நம்ம வாயை மூடிக்கலாம்னு மூடிக்கிட்டேன்."

"அவங்களுக்குக் கல்யாணம் ஆனப்பறம்?"

மலாக்கி டீயைக் கலக்கினார். ஏற்கெனவே கலக்கிய டீ அது.

"அப்பறம் அவன் சொல்லுவான்னு இருந்தேன். அது அவன் சொல்ல வேண்டிய விஷயம்மா, நான் சொல்ல வேண்டியது இல்ல."

"அப்பா சொல்லவே இல்லையே."

"சொல்லல. ரோட்ல கார்ல எதிர்ல வந்தா, வணக்கம் சொல்ற மாதிரி ஸ்டியரிங்லேர்ந்து ஒரு விரலைத் தூக்குவான். எல்லாருக்கும் தூக்குற விரல்தான்."

என் அப்பா மேல் எனக்கு வந்த கோபத்தை இங்கே மறைக்கப் போவதில்லை. செத்துப்போனவரைத் திட்டக்கூடாது என்பார்கள்; நான் காரில் வீடு வந்து சேரும்வரை திட்டினேன். எங்களைத் தோளில் தூக்கிக்கொண்டு திரிந்த மனுஷன், பசு கன்று போடும்போது விடிய விடிய கூடவே உட்கார்ந்திருந்த மனுஷன், ஒரு வார்த்தை சொல்ல நாற்பத்தைந்து வருஷமாக நேரம் இல்லாமல் போயிருக்கிறது. அந்தப் பட்டப்பெயரைச் சொல்லி எங்களோடு சேர்ந்து சிரிக்க மட்டும் நேரம் இருந்திருக்கிறது.

கிளம்பும்போது, இதைப் புத்தகத்தில் போடப்போகிறேன் என்று மலாக்கியிடம் சொல்லியிருந்தேன். அவர் தலையாட்டவில்லை.

"யாருக்காகப் போடப்போறே? அன்னைக்கு ஆடுன பதினஞ்சு பேர்ல பதினாலு பேர் போயாச்சு. செத்தவன் புஸ்தகம் படிப்பானா?"

"டின்னி மல்வி இருக்காரே."

அவர் டீக் கோப்பையைக் கீழே வைத்தார். டின்னிதான் அந்த டீமின் கோல்கீப்பர். அவர்கள் இரண்டு பேரும் ஒரே சைக்கிளில் டான்ஸுக்குப் போனவர்கள், சின்ன வயதில் ஒருவர் இல்லாமல் ஒருவரைப் பார்க்க முடியாது என்று அம்மா சொல்லியிருக்கிறாள்.

"டின்னி எங்கிட்டப் பேசுறதில்ல," என்றார். அப்புறம் கதவு வரைக்கும் வந்து, "அவன் கிட்ட வேணா காட்டு. அவன் பாத்ததுக்கப்பறம் உன் இஷ்டம்," என்றார்.

கஹாலிடம் சொன்னபோது அவன் டிராக்டரை விட்டு இறங்கக்கூட இல்லை.

"அப்பா பேரை நாறடிக்கப் போறியா? கேட்ல அவர் பேர் இருக்கு, அட்ராக்டா அக்கா."

"இருக்கட்டும். அந்த கேட்டுக்கு வெளிய அறுபத்தாறு வருஷமா நிக்கிறவர் பேர் என்ன?"

"அது பழைய கதை."

"பழைய கதையை எழுதுன்னு தீர்மானம் போட்டது நீங்கதானே."

புத்தகத்தில் இப்போது இரண்டு பாதிகளும் ஒரே பக்கத்தில் இருக்கின்றன. கஹால் என்னோடு பேசி ஆறு வாரமாகிறது. பேசுவான். அவனும் ஷான்லிதானே, கொஞ்ச நாளாகும்.

ஆனால் அதற்கெல்லாம் முன்னால் டின்னியிடம் காட்ட வேண்டியிருந்தது. அவர் இருப்பது ஊருக்குப் பத்து மைல் தள்ளி ஒரு முதியோர் இல்லத்தில். நடக்க முடியாது, ஆனால் கண்ணும் காதும் என்னுடையதைவிட நன்றாக இருக்கின்றன. அந்த வாரமே சனிக்கிழமை சாயங்காலம் போய், அவருடைய சாப்பாட்டுத் தட்டை நகர்த்திவிட்டு இரண்டு தாளையும் முன்னால் வைத்தேன். நடந்ததைச் சொன்னேன். அவர் இரண்டு பாதியையும் தானே தள்ளித் தள்ளிச் சேர்த்தார், பிரித்தார், மறுபடி சேர்த்தார். ஆட்டக்காரர் பட்டியலில் முதல் பெயர் அவருடையது.

"நான் அவன் மூஞ்சியில துப்புனேன்," என்றார். "போர்டு ரூம் வாசல்ல. எல்லாரும் பாத்தாங்க. அவன் பொண்டாட்டி செத்தப்ப சர்ச் வரைக்கும் போய்ட்டு, உள்ள போகாம திரும்பிட்டேன்."

தண்ணீர் ஊற்றிக் கொடுத்தேன்.

"நாளைக்கு மேட்ச் இருக்கா?"

"இருக்கு. மூணு மணிக்கு. அக்னாக்ளென்னோட."

"உருப்படுமா?"

"உருப்படாது."

"என்னைக் கூட்டிட்டுப் போ."

மறுநாள் சக்கர நாற்காலியோடு அவரை மைதானத்துக்குள் கொண்டுபோனேன். ஈரப் புல்லில் சக்கரம் புதைந்து, நாலு பேர் கை கொடுத்து, சுவரை ஒட்டிக் கொண்டுபோய் நிறுத்துவதற்குள் ஆட்டம் ஆரம்பித்து நாங்கள் ஒரு கோல் வாங்கியிருந்தோம். சுவருக்கு அந்தப் பக்கம் மலாக்கி எப்போதும்போல் நின்றிருந்தார். நாற்காலியில் தாழ உட்கார்ந்திருந்த டின்னிக்கு அவருடைய தொப்பியும் இரண்டு முழங்கையும்தான் தெரிந்திருக்கும்.

டின்னி தொண்டையைச் செருமினார். "மழை வரும்போல இருக்கு."

மலாக்கி ஆட்டத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"நாலு மணிக்கு மேலதான் வரும்," என்றார்.

எங்கள் பையன் ஒருவன் கைக்கு வந்த பந்தை எதிரியிடமே கொடுத்தான். டின்னி அவனைத் திட்டினார். அப்புறம் சுவரைப் பார்த்தே சொன்னார்:

"நான் உன்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கணும்டா. என்ன நடந்துச்சுன்னு ஒரே ஒரு வார்த்தை."

"நீ கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்," என்றார் மலாக்கி. "உங்கிட்ட மட்டும்."

டின்னி அழுதார். நான் சுவர் மேலாகக் கையை நீட்டி, "உள்ள வாங்க மலாக்கி," என்றேன். அவர் முழங்கைகளைச் சுவரிலிருந்து எடுத்துக்கொண்டு, தடியைத் தேடி எடுத்து, சாலையோடு மெல்ல நடக்க ஆரம்பித்தார். கேட் அந்தக் கோடியில் இருக்கிறது, எண்பத்தொன்பது வயதுக்கு அது நல்ல தூரம்.

டின்னிக்குச் சுவர் மறைத்தது. என் சட்டைக்கையைப் பிடித்து இழுத்தார்.

"வர்றானா?"

"வர்றார்," என்றேன்.