ராவணன் மீசை மேடு

பூட்ஸைக் கழற்றச் சொல்லி என் செக்‌ஷனுக்கு உத்தரவு போட்டவன் நான்தான். ஹெல்மெட், முதுகு மூட்டை எல்லாமே கீழே. புதுமடத்துக்கு மேற்கே ஒரு மணல்மேடு, உச்சியில் பயிற்சிச் சண்டையின் எதிரணி நட்ட சிவப்புத் துணி. பன்னிரண்டு மணி விசிலுக்குள் அதைப் பிடுங்கினால் என் சட்டைக் கையில் நாயக் பதவிப் பட்டை. ஐம்பத்தாறாம் வருஷத்து டெரிட்டோரியல் ஆர்மி முகாமில் எனக்கு வேறு கவலையே இல்லை. அபிராமத்து உக்கிரபாண்டி நாயக் ஆகிவிட்டான் என்று ஊருக்குப் போட வேண்டிய கடிதத்தைக்கூட மனசுக்குள் எழுதி முடித்திருந்தேன்.

எதிராளிகள் கடலைப் பார்த்துப் பள்ளம் தோண்டிப் படுத்திருந்தார்கள். பின்பக்கம் ஈ காக்கை இல்லை. மடப்பயல்கள் என்று நினைத்தேன். பாரம் குறைந்தால் ஓட்டம் கூடும், அவன் குறி பார்ப்பதற்குள் நாம் இடம் மாறிவிடலாம் என்று ஒரு பிரசங்கமே வைத்தேன்.

"அண்ணே, பூட்ஸை மட்டும் கழட்டாதீக," என்றான் கபீர். புதுமடத்திலேயே பிறந்தவன். "பின்னாடி பூராம் ராவணன் மீசை."

"புல்லுக்குப் பயந்தவனுக்குப் பட்டாளம் எதுக்குலே? நீ பூட்ஸோடயே கடைசில ஆடி அசைஞ்சு வா."

எல்லோரும் சிரித்தார்கள்.

பாதி மேடு பறந்தோம். அப்புறம் புல். அம்மாடி, ஒவ்வொரு இலையும் கோணி ஊசி! மலையாண்டி "ஆத்தே" என்று உட்கார்ந்துவிட்டான். கூத்தையா ஒற்றைக்காலில் நின்றான். என் குதிகாலில் இரண்டு முள் முறிந்து உள்ளேயே தங்கின. பூட்ஸுக்குத் திரும்பினால் விசில் ஊதிவிடும். அங்கேயே நின்றால் எவன் கண்ணிலாவது பட்டுவிடுவோம். ஆத்திரத்தில் எனக்கு அழுகையே வந்தது.

கபீர் வந்து சேர்ந்தான். குத்திக்காட்டவில்லை.

"நான் மிதிச்சுக்கிட்டே முன்னால போறேண்ணே. என் தடத்துலயே காலை வைங்க."

வழி விட்டேன். அவன் புல்லைச் சாய்த்துச் சாய்த்து மிதிக்க, ஒருவர் பின் ஒருவராக ஏறினோம். உச்சிக்குக் கொஞ்சம் கீழே புல் தீர்ந்து வெறும் மணல். அவன் ஒதுங்கிக்கொண்டான்.

"இப்ப ஓடுங்க."

ஓடினோம் பாருங்கள்! எதிராளிகள் துப்பாக்கியைத் திருப்புவதற்குள் துணி என் கையில்.

மார்க் போடும் சுபேதார் மூச்சிரைக்க ஏறி வந்தார். "சபாஷ்! அந்த முள்ளுக்குள்ள எப்பிடிலே வழி எடுத்தே?"

என்ன சொன்னாலும் நம்பியிருப்பார்.

"நான் எடுக்கல சார். கபீருதான். பூட்ஸைக் கழட்டச் சொன்னதுதான் நான்."

அவர் என் காலைப் பார்த்தார், கபீரின் பூட்ஸைப் பார்த்தார், நோட்டைத் திறந்தார். கபீர் அவரைக் கவனிக்கவே இல்லை. மணலில் மண்டியிட்டு, என் குதிகாலைத் தன் தொடைமேல் தூக்கி வைத்து, "ஆட்டாதீகண்ணே," என்று இரண்டாவது முள்ளை நகத்தால் நெம்பிக்கொண்டிருந்தான்.