வீடு சேராத வரவுகள்

கிசுமு நகரத்தில் பிள்ளை பெற்றவளை யாரும் அவள் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. தலைப்பிள்ளையின் பெயரோடு அம்மாவைச் சேர்த்தால் தீர்ந்தது. தண்ணீர்க் கட்டணத்தை ஃபோனில் கட்டும்போதும், இணைப்பு எண் கேட்கிற இடத்தில் பிள்ளையின் பெயரைப் போட்டுவிடுவார்கள். பணம் தண்ணீர்க் கம்பெனிக்கு வந்துவிடும், யார் கணக்கிலும் ஏறாது. பழைய விண்ணப்பங்களில் வாரிசு என்ற இடத்தில் அந்தப் பெயரைத் தேடிப் பிடித்து, ஃபோனிலும் விசாரித்து, வரவை வீடு சேர்ப்பது நெரேயாவின் வேலை.

ஆறு பேர் பார்த்த வேலை. ஏஐ வந்தபிறகு அவள் ஒருத்திதான் மிச்சம். அவள் சேர்க்கும் ஒவ்வொரு வரவுக்கும் அது காரணம் கேட்கும்; சொன்னால் கற்றுக்கொள்ளும். "விசாரித்தேன்" என்று மட்டும் எழுதிப் பதினோரு மாதம் டிமிக்கி கொடுத்தாள். சூட்சுமத்தைச் சொன்னால் தன் சோற்றில் தானே மண்ணைப் போட்டுக்கொள்வது என்று அவளுக்குத் தெரியாதா?

திங்கட்கிழமை மேலாளர் கிப்ரோனோ வந்து நின்றார்.

"நெரேயா, இந்த 'விசாரித்தேன்' கதையெல்லாம் இனிமே செல்லாதும்மா. சரியான காரணம் போடலேன்னா வரவு ஏறாது."

அவள் எதையும் ஏற்றவில்லை. நான்கு நாளில் முந்நூற்று நாற்பது வரவுகள் தேங்கின. வெள்ளிக்கிழமை காலையில் ஃபோன் அலறியது.

"அக்கோத் அம்மா பேசறேன். பணம் கட்டி நாலு நாளாச்சு, குழாயைப் புடுங்க ஆள் வந்து நிக்கிறான்! வீட்ல பச்சக்கொழந்தை இருக்கு, தாயி."

"அக்கோத் உங்க மூத்த பொண்ணா?"

"பின்ன? ஊருக்கே தெரியும், உனக்குத் தெரியாதா?"

நெரேயாவுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. பல்லைக் கடித்துக்கொண்டு தட்டினாள்: இது தலைப்பிள்ளையின் பெயர். விண்ணப்பத்தில் வாரிசைப் பார்க்கவும்.

அக்கோத் அம்மாவின் வரவு ஏறியது. பத்தே நிமிடத்தில் மற்றவையும் ஒன்றுவிடாமல் தாமாகவே ஏறிவிட்டன.

"அடேங்கப்பா!" என்று கிப்ரோனோ ஓடிவந்தார். "இத முன்னாடியே சொல்றதுக்கென்ன?" பிறகு அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "இந்த மாசச் சம்பளம் முழுசா வந்துடும். திங்கக்கிழமை வரவேணாம்."

மறுபடி ஃபோன்.

"ஆள் போயிட்டான் தாயி, நல்லா இருப்ப! அடுத்த மாசமும் உன்னையே கூப்பிடறேன்."

"கூப்பிடாதீங்க. பிள்ளை பேரைப் போட்டாலே போதும். கம்ப்யூட்டரே கண்டுபிடிச்சுக்கும்."

"அட! அதுக்கு எப்படித் தெரியும்?"

"நான்தான் சொல்லிக்குடுத்தேன்" என்றாள் நெரேயா.