ஏழாவது திருத்தம்

வாட்ச்மேனின் இடது காலை வலது காலாக மாற்றிவிட்டு, யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தேன். யார் பார்க்கப் போகிறார்கள்? கூடத்தில் நானும் கணினியும், மடிக்காத துணிகள் குவிந்து கிடக்கும் நாற்காலியும்தான். நாற்பதாம் பக்கத்தில் இடது காலை இழுத்து இழுத்து நடக்கும் மனிதர், இனி தொண்ணூற்றிரண்டாம் பக்கத்தில் வலது காலை இழுப்பார். பாவம், அவர் யாருக்கு என்ன கெடுதல் செய்தார். கோப்பைப் பதிப்பகத்துக்கு அனுப்பினேன். காலை பதினொரு மணி. மனசு லேசாகிவிட்டது.

நான் முப்பத்திமூன்று வருடம் நீதிமன்றத்தில் தட்டச்சராக இருந்தவள். "அந்தம்மா அடிச்சா படிச்சுப் பாக்க வேண்டாம், அப்படியே கையெழுத்துப் போடலாம்" என்று ஒரு நீதிபதி சொன்னதை, ஓய்வு பெறும்வரை யாரிடமாவது சொல்லிக்கொண்டே இருந்தேன். ஓய்வுக்குப் பிறகு சொல்ல ஆள் இல்லை. அதனால் நாவல் எழுதினேன். சிரிக்காதீர்கள், காரணம் அதுதான். வேலைக்குப் போகும் பெண்கள் தங்கும் விடுதி ஒன்றின் கதை. அப்படி ஒரு விடுதியில் பத்தொன்பது வருடம் குப்பை கொட்டியிருக்கிறேன், எழுதுவதற்கா பஞ்சம்.

பதிப்பகத்தின் இணையப் பக்கத்தில் விதிமுறைகள் போட்டிருந்தார்கள். எழுத்தளவு பன்னிரண்டு, வரிகளுக்கு நடுவே ஒன்றரை இடைவெளி, அத்தியாயத்துக்கு ஒரு புதுப் பக்கம், பக்க எண் கீழே நடுவில், பெயரும் முகவரியும் தனித்தாளில். எழுதுகிறவர்கள் இதற்கெல்லாம் அலுத்துக்கொள்வார்களாம். எனக்கு இது தண்ணீர் பட்ட பாடு. ஒன்பது மாதம் கழித்துப் பதில் வந்தது: ஏற்றுக்கொண்டோம், திருத்தக் குறிப்புகளோடு கோப்பு வரும், சரிபார்த்துத் திருப்பி அனுப்பவும்.

வந்த கோப்பின் ஓரத்தில் பச்சைப் பச்சையாகக் கட்டங்கள். ஒவ்வொன்றின் தலையிலும் 'உதவி ஆசிரியர்' என்று மட்டும் இருந்தது. பெண்ணாகத்தான் இருக்கும் என்று நானே முடிவு செய்து, அவளுக்குப் பச்சை என்று பெயர் வைத்துக்கொண்டேன். முதல் குறிப்பு இது: "பக்கம் 14இல் மழை கொட்டுகிறது. பக்கம் 15இல் மாடியில் துணி காய்கிறது. கவனிக்கவும்." எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. என்னிடம் போய்க் கவனிக்கவும் என்று சொல்ல இவள் யார்? கீழேயே, "மழை விட்டுடுச்சு" என்று அடித்து அனுப்பினேன். அடுத்த சுற்றில் பதில் இருந்தது: "எப்ப விட்டுச்சுன்னு எங்களுக்கும் சொல்லுங்க மேடம். நாங்க இன்னும் குடையோட நிக்கிறோம்."

வாய்விட்டுச் சிரித்தேன். அந்தச் சத்தம் எனக்கே புதிதாக இருந்தது. கடைசியாக எப்போது சிரித்தேன் என்று யோசித்துப் பார்த்து, நினைவுக்கு வராமல் விட்டுவிட்டேன்.

அப்படித்தான் ஆரம்பித்தது. மேடம் வேண்டாம் என்றேன். "சரிக்கா" என்றாள். எனக்கு அறுபத்திரண்டு வயசு என்றேன். "அப்ப பெரியக்கா" என்றாள். வார்டன் வரும் இடத்தில், "நானும் ஹாஸ்டல்தான். எங்க வார்டனை உங்களுக்கு எப்படித் தெரியும்? அதே சாவிக்கொத்து, அதே முறைப்பு" என்று எழுதினாள். ஒரு முறை குறிப்புகள் இரண்டு நாள் தாமதமாக வந்தன. காய்ச்சல் என்றாள். சுக்குக் கஷாயம் குடி, தலைக்கு ஊற்றாதே என்று இருபத்தேழாம் பக்கத்தின் ஓரத்தில் எழுதி அனுப்பினேன். கதையில் அந்த இடத்தில் ஒரு கல்யாணத் தகராறு நடந்துகொண்டிருந்தது.

மூன்றாவது சுற்றில் இரண்டே குறிப்புகள். நான்காவதில் ஒன்றும் இருக்காது, கோப்பு அச்சுக்குப் போய்விடும். 'நன்றி' என்று ஒரு வரி வரும், அதோடு சரி. அந்தக் கோப்பை நாள் முழுக்கத் திறந்து திறந்து மூடினேன். சாயங்காலம், மூன்றாம் அத்தியாயத்தில் செத்துப்போன விடுதிப் பூனையை எட்டாம் அத்தியாயத்தில் பால் குடிக்க வைத்தேன். முப்பத்திமூன்று வருடத்தில் தெரிந்தே நான் செய்த முதல் பிழை. மூன்று தடவை அழித்து, மூன்று தடவை திரும்ப அடித்தேன்.

"பெரியக்கா, இது பூனையா, ஆவியா?"

"பாலைப் பாத்ததும் எழுந்து வந்துருக்கும்."

அடுத்தடுத்ததையெல்லாம் ஒரே தடவையில் அடித்தேன். செவ்வாய்க்கிழமை வந்த கடிதம் வியாழக்கிழமை வந்தது. ஒற்றைப் பிள்ளையான சமையல்காரருக்குத் திடீரென்று ஒரு அண்ணன் முளைத்தார். பச்சை ஒன்றைக்கூட விடாமல் பிடித்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் தங்கச்சி போன் பண்ணுவாள், மூன்று நிமிடம். "இன்னுமா உன் புக்கு வரல? இந்நேரம் ஒரு புள்ளையப் பெத்துப் பள்ளிக்கூடத்துலயே சேத்துருக்கலாம்." நல்ல காரியம்னா நாளாகும்டி என்று வைத்துவிடுவேன்.

வாட்ச்மேனின் கால் ஏழாவது சுற்று. அனுப்பி எட்டு நாளாகியும் கோப்பு வரவில்லை. ஒன்பதாம் நாள் மதியம் போன் வந்தது.

"வணக்கம்மா. பதிப்பக ஆசிரியர் பேசறேன். உங்ககிட்ட மன்னிப்புக் கேக்கணும்."

"எதுக்கு சார்?"

"உங்க பிரதியில சுத்துக்குச் சுத்து தப்பு கூடிக்கிட்டே போகுது. நீங்க முதல்ல அனுப்பினதை எடுத்துப் பாத்தேன். அதுல இந்தத் தப்பெல்லாம் இல்ல. எங்க உதவி ஆசிரியர் பொண்ணுதான் கைவச்சுக் கெடுத்துருக்கு. இந்த வாரத்தோட நின்னுக்கச் சொல்லிட்டோம்."

"அந்தப் பொண்ணு என்ன சொல்லிச்சு?"

"என்ன சொல்லும்? என் கவனக்குறைவுதான்னு எழுதிக் குடுத்துருச்சு."

மழைக்கும் காயும் துணிக்கும் கணக்குப் பார்த்தவளுக்கு, செத்த பூனை யார் கையால் எழுந்தது என்று தெரியாமலா இருந்திருக்கும்? எல்லாம் தெரிந்திருக்கிறது. அந்தம்மாதான் மாத்தினாங்க என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தப்பித்திருப்பாள். சொல்லவில்லை. அடிப் பைத்தியக்காரி.

"சார், அந்தத் தப்பெல்லாம் நான் போட்டது."

"தெரியாம விழுந்திருக்கும்மா. வயசாச்சுன்னா..."

"வயசுமில்ல, ஒண்ணுமில்ல. வேணும்னேதான் போட்டேன்."

"எதுக்கும்மா?"

சொல்வதற்கு நாலைந்து பொய் நாக்கு நுனிவரை வந்தது. நீதிமன்றத்தில் கேட்காத பொய்யா. "திருத்தம் முடிஞ்சுட்டா கோப்பு வராது சார். கோப்பு வரலன்னா எனக்கு யாரும் எதுவும் எழுதமாட்டாங்க."

"பேசணும்னா ஒரு போன் பண்ணியிருக்கலாமேம்மா."

"போன் பண்ண ஒரு காரணம் வேணாமா சார்?"

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். பிறகு மெதுவாகச் சொன்னார். "நான் வாயால சொன்னா முதலாளிகிட்ட எடுபடாது. பொண்ணக் காப்பாத்தக் கதை கட்டறேன்னுவார். நீங்க எழுத்துல குடுங்க. நாலு மணிக்கு மீட்டிங், அங்க படிச்சுக் காட்டறேன். ஆனா ஒண்ணும்மா, அதைக் கேட்டா உங்க புத்தகமே வேணாம்னு சொல்லிடுவார். அவர் குணம் எனக்குத் தெரியும். யோசிச்சுக்கங்க."

யோசித்தேன், இல்லை என்று சொல்லமாட்டேன். பத்தொன்பது வருடம் வாழ்ந்து, நாலு வருடம் எழுதிய புத்தகம். அட்டை என்ன நிறம் என்றுகூட மனசுக்குள் முடிவு செய்து வைத்திருந்தேன். முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து கணினி முன்னால் உட்கார்ந்தேன். அனுப்புநர். பெறுநர். ஐயா. விரல்கள் தாமாகவே அடித்தன. 'பொருள்' என்று அடித்ததும் நின்றுவிட்டன. எத்தனை ஆயிரம் பேருடைய பொருளை அடித்திருக்கிறேன்! நிலத் தகராறு தொடர்பாக, ஜீவனாம்சம் தொடர்பாக, வாடகை வீட்டைக் காலி செய்வது தொடர்பாக. என்னுடையது என்று ஒன்றை அடிப்பது இதுதான் முதல் தடவை. 'பிரதியில் ஏற்பட்ட பிழைகள் தொடர்பாக' என்று அடித்து, அழித்தேன். ஏற்பட்டதா அது? அரை மணி நேரம் அந்த வரியிலேயே கழிந்தது. கடைசியில் இப்படி அடித்தேன்:

பொருள்: பேச ஆள் இல்லாததால் வேண்டுமென்றே பிழை செய்தது – தொடர்பாக.

அறை நிறைய முன்பின் தெரியாதவர்கள் உட்கார்ந்திருக்க, ஆசிரியர் இதைச் சத்தமாகப் படிப்பதை நினைத்துப் பார்த்தேன். காது மடல் சுட்டது. படிக்கட்டும். அதற்குப் பிறகு தடையே இல்லை. பூனை, கடிதம், அண்ணன், கால் என்று ஒவ்வொன்றையும் பக்க எண்ணோடு வரிசையாக எழுதினேன். மேற்படிப் பிழைகள் அனைத்தும் என்னால் தெரிந்தே செய்யப்பட்டவை. இவற்றில் எந்தப் பங்கும் இல்லாத தங்கள் உதவி ஆசிரியர் செல்வி...

அங்கே கை நின்றது. மணி மூன்று நாற்பது. ஆறு மாதம், ஏழு சுற்று. அவள் வார்டனின் முறைப்பு எனக்குத் தெரியும், அவளுக்குக் காய்ச்சல் வந்த தேதி தெரியும். பெயரை மட்டும் நான் கேட்டதே இல்லை. ஆசிரியரிடம் போன் போட்டுக் கேட்கலாம் என்று எடுத்து, வெட்கமாக இருந்தது, வைத்துவிட்டேன். விண்ணப்பங்களில் விடுவதுபோல, பிறகு யாராவது நிரப்பிக்கொள்ளட்டும் என்று, 'செல்வி'க்குப் பக்கத்தில் புள்ளிகளாக வைத்துக்கொண்டே போனேன். எவ்வளவு நீளமான பெயரோ தெரியவில்லை. கொஞ்சம் தாராளமாகவே இடம் விட்டேன்.