முப்பத்தெட்டாவது வேலை

"கையால செய்யிற சோலி அம்புட்டையும் ஒரு பேப்பர்ல எழுதிக் குடும்மா. ஒண்ணுகூட விட்டுறாத" என்றான் விஜயபாண்டி. "எல்லாத்தையும் கம்ப்யூட்டருக்குக் குடுத்துட்டா அப்புறம் உனக்கு ரெஸ்டுதான்."

எந்த ரெஸ்ட் என்று அமுதவள்ளிக்கு நன்றாகவே புரிந்தது. போடியில் அந்த ஏலக்காய் கம்பெனி ஆபீசில் பதினொரு வருஷமாக ஆட்கள் கணக்கைப் பார்ப்பவள் அவள். யார் வந்தார்கள், யார் லீவு, யாருக்கு எச்சரிக்கைக் கடிதம் என்று எல்லாம் அவள் கை வழியாகத்தான் போகும். விஜயபாண்டி முதலாளி ராக்கையாவின் மருமகன். போடிமெட்டுக்கு மேலே இருக்கிற ஏலத்தோட்டத்துக்கு மேனேஜர் என்று பேர்.

வேலை போகப்போவது அவளுக்குப் பெரிதாகப் படவில்லை. ஒரு மாதமாக அவள் வயிறு வேறொன்றுக்காக எரிந்துகொண்டிருந்தது.

ஆடி மாதம் முதலில் தோட்டத்து ஆட்களைத்தான் கம்ப்யூட்டரில் ஏற்றினார்கள். காலையில் மெஷின் முன்னால் முகத்தைக் காட்ட வேண்டும். சேர்ந்தாற்போல் மூன்று நாள் முகம் பதியவில்லை என்றால் வேலைநீக்கக் கடிதம் தானாகவே போனுக்குப் போய்விடும். பத்து நாளில் கம்பெனி வீட்டையும் காலி பண்ண வேண்டும். அமுதவள்ளியின் தங்கை அன்னக்கொடி அந்தத் தோட்டத்தில்தான் காய் எடுத்துக்கொண்டிருந்தாள். புருஷன் விட்டுப் போனவள். அவளுக்கும் மகளுக்கும் உலகத்தில் வீடு என்று இருந்தது லயத்தில், அந்தத் தோட்டத்து ஆட்களின் வரிசை வீடுகளில், ஒரே ஓர் அறை.

மகளுக்குக் காய்ச்சல் என்று அன்னக்கொடி ஞாயிற்றுக்கிழமை போடிக்கு இறங்கி வந்தாள். அன்றைக்கு ராத்திரியே மலையில் மண் சரிந்து ரோடு அடைத்துக்கொண்டது. ஜீப்பு, பஸ்சு எதுவும் ஏறவில்லை. செவ்வாய்க்கிழமை அமுதவள்ளி விஜயபாண்டியிடம் போய் நின்றாள்.

"சார், ரோடு அடைச்சுக் கெடக்கு. ஊருக்கே தெரியும். தங்கச்சி பேர்ல ஒரு திருத்தம் போட்டு விடுங்க."

அவன் டீயை ஊதி ஊதிக் குடித்தான். "ஒருத்திக்குத் திருத்துனா நாளைக்கு நூறு பேரு வந்து நிப்பீங்க. மெஷினுக்கு அக்கா தங்கச்சியெல்லாம் தெரியாதும்மா." சொன்னதோடு விடவில்லை. அவள் கண்ணெதிரிலேயே சாஃப்ட்வேர்காரனுக்குப் போன் போட்டு, அந்தத் திருத்தம் போடுகிற வசதியையே எடுக்கச் சொன்னான். இனி யாரும் வந்து கெஞ்ச முடியாதல்லவா என்று சிரிப்பு வேறு.

அப்புறம் என்ன, புதன்கிழமை சாயங்காலம் கடிதம் வந்துவிட்டது. ரோடு திறந்தும் மகளுக்குக் காய்ச்சல் விட்டபாடில்லை. பதினோராம் நாள் அன்னக்கொடி மேலே போனபோது அவள் சாமான்கள் லயத்து முற்றத்தில் மழையில் கிடந்தன. அரிசி ஊறிப் போயிருந்தது. மகளின் பள்ளிக்கூடப் புத்தகங்கள் உப்பிப் போயிருந்தன. அந்த வீட்டுக்கு யாரையும் குடிவைக்கவும் இல்லை, சும்மா பூட்டி வைத்திருந்தார்கள். நனைந்த புத்தகங்களை அன்னக்கொடி அமுதவள்ளி வீட்டு மாடியில் ஒவ்வொரு பக்கமாகப் பிரித்துக் காயப்போட்டாள். அதைப் பார்த்த அன்றைக்கு அமுதவள்ளி ஒரு முடிவுக்கு வந்தாள். அழுது தீர்க்கிற கோபம் இல்லை அது.

ஆவணி பிறந்ததும் ஆபீஸ் ஆட்களையும் கம்ப்யூட்டரில் ஏற்றுகிற வேலை வந்தது. மாமனாரைக் குளிர வைக்க விஜயபாண்டி எல்லோரையும் கூட்டி வைத்துப் பேசினான். "மேனேஜர்ல இருந்து மம்பட்டி பிடிக்கிறவன் வரைக்கும் ஒரே சட்டம்" என்றான். ராக்கையா முகமெல்லாம் பூரிப்பு.

அமுதவள்ளி உட்கார்ந்து பட்டியல் எழுதினாள். வேலைநீக்கக் கடிதம் அடிப்பது, லீவு லெட்டர் வாங்குவது, அடையாள அட்டை போடுவது, புது ஆளுக்கு ஃபைல் திறப்பது என்று முப்பத்தேழு வேலை வந்தது. முப்பத்தெட்டாவதாக ஒன்று உண்டு. அதை அவள் எழுதவில்லை.

தினமும் காலை ஒன்பது மணிக்கு விஜயபாண்டி பேருக்கு நேராக 'வந்தார்' என்று அவள்தான் போட்டு வந்தாள். நாலு வருஷத்துக்கு முன்னால் அவன் மருமகனாக வந்த புதிதில், அப்போதிருந்த கணக்கர் "அவரு பேருக்கு நேரா நீயே போட்டுரும்மா, நமக்கெதுக்குப் பொல்லாப்பு" என்றார். போட்டாள். அவன் கொச்சியில் கிடந்த நாளிலும் போட்டாள், குற்றாலத்தில் குளித்த நாளிலும் போட்டாள். தன் வருகை தானாகவே விழுகிறது என்று அவன் நினைத்திருக்க வேண்டும். தன்னைச் சுமக்கிற கை எது என்று அந்த மாதிரி ஆட்களுக்கு எங்கே தெரியப் போகிறது?

திங்கட்கிழமை மெஷின் ஓட ஆரம்பித்தது. விஜயபாண்டி பின்வாசல் வழியாக வந்து ஒரு காப்பி குடித்துவிட்டுப் போனான். முகத்தைக் காட்டுவது கூலிக்காரன் வேலை என்று நினைப்பு. செவ்வாயும் புதனும் ஆளே இல்லை. அவன் போனுக்கு எச்சரிக்கை போய்க்கொண்டுதான் இருந்தது. ஆனால் மெஷின் அனுப்புகிற தகவல் எதுவும் சத்தம் போடக் கூடாது என்று அவன்தான் எப்போதோ அமர்த்தி வைத்திருந்தான். புதன்கிழமை சாயங்காலம் அமுதவள்ளி வீட்டுக்குக் கிளம்பாமல் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தாள். ஐந்தரைக்கு விஜயபாண்டி போனுக்குக் கடிதம் போனது. அந்த ஒரு மாதத்தில் அவள் சிரித்தது அன்றைக்குத்தான்.

மறுநாள் காலையில் ராக்கையா போனைக் கையில் பிடித்தபடி வந்தார். வேலைநீக்கக் கடிதம் எல்லாவற்றுக்கும் நகல் முதலாளிக்குப் போகும். பின்னாலேயே விஜயபாண்டி ஓடி வந்தான்.

"என்னம்மா பண்ணி வச்சிருக்க? கம்பெனி பங்களாவைப் பத்து நாள்ல காலி பண்ணணுமாம்! கம்ப்யூட்டர் என்னைய உள்ளயே விட மாட்டேங்குது. வெரசா திருத்து!"

"திருத்த வழி இல்ல சார். நீங்கதான எடுக்கச் சொன்னீங்க."

ராக்கையா மருமகனைப் பார்த்தார். "மூணு நாளா எங்க இருந்தீக மாப்ள?"

"தோட்டத்துலதான் மாமா."

"தோட்டத்து மெஷின்லயும் முகம் பதியலங்கய்யா" என்றாள் அமுதவள்ளி.

"நாலு வருசமா மாப்ள பேருக்கு ஒரு நாள் விடாமப் பதிஞ்சிருக்கேம்மா?"

"அது நான் கையால போட்டதுங்கய்யா. சார் வந்தாலும் வராட்டியும் தெனம் காலையில ஒம்பது மணிக்குப் போட்டுருவேன்."

விஜயபாண்டியின் காது மடல் சிவந்தது. அந்தச் சிவப்பை அமுதவள்ளி ஆசை தீரப் பார்த்தாள்.

ராக்கையா நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். மகளின் வாழ்க்கையை நினைத்துப் பார்த்தார். "வேற வழியே இல்லையா?"

"ஒண்ணு இருக்குங்கய்யா. மூணு நாள் சட்டத்தையே நீங்க எடுத்துரணும். எடுத்தா அதை வச்சுப் போன லெட்டரு எல்லாமே ரத்தாயிரும். சாரோடதும் ரத்தாகும், தோட்டத்து ஆளுக பதினோரு பேரோடதும் ரத்தாகும். வீட்டையும் திருப்பிக் குடுக்கணும்."

"எடுத்துருங்க மாமா" என்றான் விஜயபாண்டி. கெஞ்சுகிற குரல் அவனுக்கும் வரத்தான் செய்தது.

ராக்கையா தன் ரகசிய எண்ணைத் தட்டிப் பொத்தானை அமுக்கினார். பன்னிரண்டு பேருக்கு மன்னிப்புக் கடிதம் பறந்தது. 'தவறுக்கு வருந்துகிறேன், விஜயபாண்டி, மேனேஜர்' என்று அடியில் போட்டு அவன் போனுக்கும் ஒன்று வந்தது. இரண்டு நிமிஷத்தில் அன்னக்கொடி அக்காவைக் கூப்பிட்டாள். "பெறகு பேசுறேன், நீ சாமானக் கட்டு" என்று அமுதவள்ளி வைத்துவிட்டாள்.

ராக்கையா எழுந்தார். அவர் ஒன்றும் ஏமாளி இல்லை. "பட்டியல்ல அதை வேணும்னுதான விட்ட?"

"ஆமாங்கய்யா."

"உன்னைய இனி வேலைக்கு வச்சுக்க முடியாதும்மா. உன் லெட்டர அடி."

சட்டத்தை எடுத்தாயிற்று. இனி வேலைநீக்கக் கடிதத்தை மெஷின் அடிக்காது, பழையபடி கையால்தான் அடிக்க வேண்டும். அது அவளுடைய பட்டியலில் முதல் வேலை. அமுதவள்ளி தன் பேரையும் தேதியையும் அடித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"காரணம்னு என்னங்கய்யா போட? மேனேஜரு வராத நாளைக்கு வந்தாருன்னு எழுதாததுக்கு, அப்படின்னு போட்டுரவா?"

ராக்கையா அதில் கையெழுத்துப் போடவில்லை. மருமகனை ஒரு பார்வை பார்த்துவிட்டு வெளியே போனார். விஜயபாண்டி அவர் பின்னாலேயே போனான்.

மறுநாள் காலை அன்னக்கொடியையும் மகளையும் ஜீப்பில் ஏற்றிவிட்டு அமுதவள்ளி ஆபீசுக்கு வந்தாள். மணி ஒன்பது ஆனது. விஜயபாண்டி வரவில்லை. பழைய வருகை ரிஜிஸ்டரையே திரும்ப எடுத்து, அவன் பேருக்கு நேராக 'வரவில்லை' என்று போட்டுவிட்டு அடுத்த பேருக்குப் போனாள்.