ஞாயிறு தவறாத சிரிப்பு

ஜுபைருக்கு ஒரு வீம்பு உண்டு. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்து ஜனம் வெளியே வரும் நேரத்துக்கு அவனுடைய ‘ராயபுரம் ரவுண்டு’ பாட்காஸ்ட் எல்லார் போனிலும் வந்திருக்க வேண்டும். புயல் அடித்த வாரம் ஊரே இருட்டில் கிடந்தபோதுகூட, ரயில்வே ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் உட்கார்ந்து எபிசோடை ஏற்றியவன் அவன். “ஒரு வாரம் வுட்டா அடுத்த வாரம் எவனும் தேட மாட்டான்க்கா” என்பான்.

அந்த அக்கா ரூத். அவனோடு சேர்ந்து அந்த பாட்காஸ்ட்டில் பேசுகிறவள். காசிமேட்டு மீன் விலை, பஸ்ஸில் நடந்த சண்டை, யார் வீட்டுக் கல்யாணத்தில் பிரியாணி பத்தவில்லை, இதுதான் சங்கதி. அவன் சொல்வான், அவள் நக்கலடிப்பாள், சிரிப்பாள். உண்மையைச் சொன்னால் ஜனம் கேட்டது அந்தச் சிரிப்பைத்தான்.

அந்த ரூத்துக்குக் குரல் போய்விட்டது.

முதலில் கரகரப்பு. சளி என்று மிளகுப்பால் குடித்தாள். பிறகு வாயைத் திறந்தால் காற்று மட்டும் வந்தது. ஆஸ்பத்திரியில் குழாய் விட்டுப் பார்த்த டாக்டர், குரல் நாணில் கட்டி என்றார். வெட்டி டெஸ்ட்டுக்கு அனுப்ப வேண்டும், பேச்சு எவ்வளவு திரும்பும் என்று இப்போது சொல்ல முடியாது, தள்ளிப்போடவே கூடாது என்று அடுத்த மாதக் கடைசிக்குத் தேதி கொடுத்தார். ரூத் போனில் டைப் அடித்து ஜுபைரிடம் காட்டினாள்: “அதுக்குள்ள டெரிக் வந்துருவாரு. வர்ற வரைக்கும் அவருக்குத் தெரியக் கூடாது.”

டெரிக் அவள் புருஷன். சரக்குக் கப்பலில் ஃபிட்டர். போன தடவை இவளுக்கு டெங்கு என்று கேள்விப்பட்டதும் பாதியிலேயே இறங்கி ஓடி வந்துவிட்டான். அதற்கப்புறம் கம்பெனிக்காரன் ஒரு வருஷம் கூப்பிடவே இல்லை. அதுதான் அவளுக்குப் பயம். கப்பலில் கிடைக்கும் துளி நெட்டில் போன் பேச முடியாது. மெசேஜ் வரும், எப்போதாவது ஒரு வாய்ஸ் நோட் வரும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் எப்பாடு பட்டாவது எபிசோடை இறக்கிக் கேட்டுவிடுவான். ஒரு வாரம் அது வரவில்லை என்றாலும், வந்து அதில் அவள் இல்லை என்றாலும், அங்கிருந்தே மோப்பம் பிடித்துவிடுவான்.

ஆகவே ஜுபைர் அந்த வேலையைச் செய்தான். செய்தபோது அது பாவமாகவே தெரியவில்லை, சாமர்த்தியமாகத்தான் தெரிந்தது. பழைய ரெக்கார்டிங்கில் வெட்டிப் போட்ட துண்டுகளெல்லாம் லேப்டாப்பில் கிடந்தன. “இன்னாடா சொல்ற?” ஒன்று. “அட கஸ்மாலமே!” ஒன்று. “அப்பாலிக்கா?” வகைவகையாக. சிரிப்பு மட்டும் தனியாக ஒரு குவியல். செல்போன் ரிப்பேர் கடையைச் சாத்திவிட்டு மாமாவின் துணி கோடவுனுக்குப் போவான். கன்டெய்னர் லாரி சத்தம் எட்டாத மூட்டைகளுக்கு நடுவே தனியாகப் பேசுவான், நடுநடுவே இடம் விடுவான், பிறகு அந்த இடங்களில் அவளைக் கொண்டுவந்து உட்கார வைப்பான். ரூத் பக்கத்திலேயே இருந்து ஹெட்போனில் கேட்பாள். சிரிப்பு சரியாக விழவில்லை என்றால் அவன் தோளைத் தட்டி, இன்னும் கொஞ்சம் முன்னால் தள்ளு என்று கை காட்டுவாள்.

“ரூத் அக்கா இந்த வாரம் செம ஃபார்ம்” என்று ஒருவர் கமெண்ட் போட்டிருந்தார். அதைப் படித்த அன்று அவள் சோற்றைத் தொடவில்லை என்று அவள் அம்மா பிலோமி வந்து சொன்னாள். ஜுபைர் நேராக ரூத்திடம் போனான்.

“நிறுத்திக்கலாம்க்கா. அல்லா சத்தியமா என்னால முடியல.”

அவள் டைப் அடித்தாள்: “கொஞ்ச நாள்தான்டா. வந்துகினே கீறாரு.”

அந்தச் சனிக்கிழமை மத்தியானம் டெரிக்கிடமிருந்து வாய்ஸ் நோட் வந்தது. ரூத் ஸ்பீக்கரில் போட்டாள். இன்ஜின் இரைச்சலுக்கு நடுவே அவன் கத்திக்கொண்டிருந்தான்.

“ரூத்து, எனக்குப் பதிலா ஏற வேண்டியவன் வரலமே. நாலு மாசம் சேத்து இருக்கியான்னு கேப்டன் கேட்டாரு. மொதல்ல முடியாதுன்னுட்டேன். உன்ன நெனச்சு ஒரே பேஜாரு. அப்பால போன வார ப்ரோக்ராம கேட்டேன். இன்னா சிரிப்பு சிரிக்கிற! அப்போ சிரிப்பியே, அதே மாரி. நம்மாளு சோக்காத்தான் கீது, நாமதான் சும்மானா பயந்துகினு கீறோம்னு கையெழுத்துப் போட்டுட்டேன். கப்பலும் கெளம்பிடுச்சு. கோச்சுக்காதமே.”

அது எந்தச் சிரிப்பு என்று ஜுபைருக்குத் தெரியும். ஆரம்ப காலத்தில் அவன் மைக்கோடு சேர்ந்து ஸ்டூலிலிருந்து விழுந்தபோது அவள் சிரித்தது. இருப்பதிலேயே நல்லதாக வேண்டும் என்று அவன்தான் தேடித்தேடி எடுத்து வைத்தான். படுபாவி, வேறு ஒன்றை வைத்திருக்கக் கூடாதா என்று தன்னையே திட்டிக்கொண்டான். “குடுக்கா, நான் சொல்லிடறேன். எல்லாம் நான் பண்ண கலீஜு வேலைன்னு அடிக்கிறேன்” என்று போனுக்குக் கை நீட்டினான்.

ரூத் கொடுக்கவில்லை. டைப் அடிக்கவுமில்லை. மைக் பட்டனை அழுத்திப் பிடித்து உதட்டருகே கொண்டுபோனாள்.

கழுத்து நரம்பு புடைக்கப் பேசினாள். உதட்டைப் பார்த்தே ஜுபைருக்குப் புரிந்தது. கட்டி, ஆபரேஷன், பயமாயிருக்கு, வந்துடு. அந்த ‘வந்துடு’வைத் திரும்பத் திரும்பச் சொன்னாள். காதில் விழுந்தது காற்று மட்டுமே. பட்டனை விட்டாள். அந்தக் காற்றே டெரிக்குக்கு எல்லாவற்றையும் சொல்லிவிடும் என்று ஜுபைர் நம்பினான். அவளும் நம்பினாள், முகத்திலேயே தெரிந்தது.

பதில் எழுத்தில் வந்தது. “ஒண்ணியும் கேக்கலமே, வெறும் காத்துதான் வருது. உன் போன் மைக்கு அவுட்டு போல. ஜுபைராண்ட குடுத்து சரி பண்ணிக்க. நாளிக்கு ப்ரோக்ராம்ல கேட்டுக்குறேன்.”

“இப்பவாச்சும் அடிச்சுச் சொல்லுக்கா” என்று கெஞ்சினான் ஜுபைர்.

அவள் அவனுக்குத்தான் அடித்தாள்: “சொன்னா மட்டும்? நடுக்கடல்ல எங்கடா எறங்குவாரு? உக்காந்து அழுதுகினு கெடப்பாரு.” கண்ணைத் துடைத்துக்கொண்டு லேப்டாப்பை அவன் பக்கம் திருப்பினாள். மறுபடி அடித்துக் காட்டினாள்: “வேற சிரிப்பு எட்றா. போன வாரத்துதே போட்டா கண்டுபுடிச்சிருவாரு.”

ஜுபைர் அந்தக் குவியலைத் திறந்து மேலிருந்து கீழ்வரை தேடினான். போடாத சிரிப்பு ஒன்றுகூட மிச்சமில்லை.