நாலை விட அஞ்சு பெருசு

பல் டாக்டரம்மாவின் அக்கா புருஷனுக்குப் புலி என்று பெயர். அவரே வைத்துக்கொண்டதுதான். பழைய கார் சங்கத்தில் யார் வாயைத் திறந்தாலும் "அதெல்லாம் இல்ல" என்றுதான் ஆரம்பிப்பார். ஸ்பானரைக் கையால் தொட்டு யாரும் பார்த்ததில்லை, வாய்க்கு மட்டும் ஓய்வே கிடையாது.

கொழுந்தியாளான டாக்டரம்மாவுக்கு அவரைக் கண்டாலே எரிச்சல். என்ன செய்வது, வண்டிக்கு அடியில் இறங்கி வேலை பார்க்கப் பள்ளம் வெட்டிய ஷெட் அவர் வீட்டில்தான் இருந்தது. அவளுடைய ரெண்டு சீட் ஸ்போர்ட்ஸ் காரும் அங்கேதான் நின்றது. துருப்பிடித்துக் கிடந்ததை வாங்கி, போல்ட் போல்ட்டாகச் சேர்த்து உயிர் கொடுத்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை மலைப்பாதைப் பந்தயம். முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகு அவளுக்கு இதுதான் முதல் பந்தயம்.

பழைய கியர் ஆயிலை வடித்து முடித்த நேரம் கிளினிக்கிலிருந்து போன் வந்தது. "நான் வாங்கி வெச்ச புது ஆயில் டப்பாவை ஊத்திடுங்க மாமா" என்று சொல்லிவிட்டு ஓடினாள். புத்தி எங்கே போயிற்றோ!

மறுநாள் வண்டியை வெளியே எடுத்தாள். மூன்றிலிருந்து இரண்டாவது கியருக்கு மாற்றியதும் கறக்கென்றது. பல்லை நறநறவென்று கடிக்கும் சத்தம் எங்கே கேட்டாலும் அவளுக்கு உடம்பு கூசும். மறுபடி மாற்றினாள், மறுபடியும் கறக்.

வாசலில் புலி கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"கிளட்ச்ச முழுசா மிதிக்கலம்மா நீ. ஆபரேஷன் பண்ண கால் வேற. ஞாயித்துக்கிழமை நான் ஓட்டறேன்."

"கால் நல்லாத்தான் இருக்கு மாமா."

"நீ சொல்ற. கியர் சொல்லலையே!"

"அவர் சொல்றதக் கேளேன்டி. எதுக்கு வீம்பு?" என்று அக்காவும் சேர்ந்துகொண்டாள்.

அன்று முழுக்க ஒரு நோயாளிக்கும் அடுத்த நோயாளிக்கும் நடுவில் இடது காலை மடக்கி நீட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தாள். வலிக்கவில்லை. ஆனால் பயம் பிடித்துக்கொண்டது. இனி ஓட்டவே முடியாதோ? சாயங்காலம் போய் சாவியை நீட்டிவிட்டாள்.

புலிக்குத் தலைகால் புரியவில்லை. கையுறை மாட்டி, கண்ணாடியில் மீசையைப் பார்த்துக்கொண்டு கிளம்பினார். தெருமுனைத் திருப்பத்தில் கறக்! திரும்பி வரும்போது கறக், கறக்! படுத்திருந்த நாய் எழுந்து ஓடியது.

அவள் வாய்விட்டுச் சிரித்தாள். ரெண்டு நல்ல காலோடு போன மனுஷனாயிற்றே! நேராக ஷெட்டுக்குள் போனாள். அவள் வாங்கிய டப்பா சீல்கூடப் பிரிக்காமல் இருந்தது. பக்கத்தில் பளபளவென்று இன்னொரு டப்பா, காலியாக.

"இது எதுக்கு மாமா?"

"நீ வாங்கினது வெறும் ஜி.எல். நாலு ரக ஆயில். நான் ஜி.எல். அஞ்சு ஊத்தினேன். நாலை விட அஞ்சு பெருசு இல்லையா? சும்மா வழுக்கிட்டுப் போகும்!"

"அதான் போகுதே! கியர் விழறதுக்கு முன்னாடி உள்ள இருக்கற பித்தளை வளையம் பிடிச்சு வேகத்தைச் சமமாக்கணும். உங்க ஆயில்ல அது பிடிக்காம வழுக்குது. இது என்ன பரீட்சை மார்க்கா, கூட வாங்கினா பெருமைன்னு?"

"அதெல்லாம் இல்ல..."

"அதெல்லாம் இருக்கு. பள்ளத்துல இறங்குங்க, வடிக்கணும்." அவள் குரல் உடைந்தது. "ஆயில் போனாப் போகுது மாமா. ஊத்தினத மறைச்சுட்டு என் காலைக் குத்தம் சொன்னீங்க பாருங்க."

அக்கா டார்ச்சை எடுத்துவந்து புருஷன் முகத்தில் அடித்தாள். அவர் இறங்கினார்.

ஞாயிற்றுக்கிழமை செங்குத்தான திருப்பத்தில் இரண்டாவது கியர் சத்தமே இல்லாமல் விழுந்தது. இடது கால் சொன்னபடி கேட்டது. வண்டி சீறிக்கொண்டு மேலே ஏறியது.

கூட்டத்தில் நின்ற புலி பக்கத்து ஆளிடம் குனிந்து, "கியர் ஆயில் நான் மாத்தினது" என்றார்.

அக்கா செருப்புக் காலால் அவர் காலை ஓங்கி மிதித்தாள், முழுசாக.